ஆவாரம்பட்டையில் ஊறிய தவளை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரிலிருந்து செந்துறை போகும் வழியில் ஒரு ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். எனக்கு இருபது வயது இருக்கும். அதற்குள் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்துவிட்டேன். முதலாவது ஏழாம் மாதத்தில் விழுந்தது. இரண்டாவது முழு மாதமும் இருந்து பிறந்து, ஒரு பகல் மூச்சு விட்டுப் போய்விட்டது. அதற்கு மேலுதடு பிளந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தூண்டில் என்றால் உயிர். ஏரியில் விரால் பிடிப்பார். விரால் மாவுக்கு வராது, மண்புழுவுக்கும் சரியாக வராது. தண்ணீர் மேலே தத்தித் தத்திப் போகிற தவளைக்குத்தான் பாய்ந்து வரும். அதனால் சின்னத் தவளையாகப் பார்த்துப் பிடித்து, அதன் வாயில் கொக்கியைக் குத்தி ஏற்றி, உயிரோடு தண்ணீரில் விடுவார். நான் இரண்டாவதைச் சுமந்த மாதங்களிலும் அவர் அப்படித்தான் மீன் பிடித்தார். பிள்ளையின் உதட்டைப் பார்த்ததும் என் மாமியாருக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"இவன் தவளை வாயக் குத்துனான், சாமி புள்ள வாயக் கிழிச்சிடுச்சு" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

மூன்றாவதாக நான் உண்டானதும் சட்டம் போட்டுவிட்டார். பிள்ளை பிறக்கிறவரை இந்த வீட்டு ஆம்பளை தவளை, ஓணான், எலி எதையும் குத்தக் கூடாது, நசுக்கக் கூடாது. மீன் மட்டும் ஆகலாம். மீனை யாரும் கொல்வதில்லை, கரைக்கு வந்ததும் தானாகச் சாகிறது என்பது எங்கள் வீட்டு நியாயம். நான் நம்பினேனா என்று கேட்டால் என்ன சொல்வேன்? இரண்டைப் பறிகொடுத்தவள். நம்பாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

சட்டத்தோடு இன்னொன்றும் சொன்னார். அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. ஆட்டுக்கல்லில் மாவு தள்ளிக்கொண்டே கல்லிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கு இருக்கறது ஒத்தப் புள்ள. இதுவும் தங்கலைன்னா நான் என்ன பண்றது? செந்துறையில எங்கண்ணன் மவ சமைஞ்சு ரெண்டு வருசமா ஒக்காந்துருக்கா."

என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருக்க முடியாது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். 'அதெல்லாம் வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தேன்.

ஐப்பசியில் எனக்கு ஐந்தாம் மாதம். நடந்தால் மூச்சு வாங்கியது. மருத்துவச்சி வந்து என் கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்கே தாயி. ரத்தமே இல்ல. விரால் மீன் ஆக்கிக் குடுங்க ஆத்தா, வாரம் ஒண்ணாவது. இல்லன்னா இது எப்புடித் தாங்கும்?"

ஏரி அப்போதுதான் நிரம்பிக் கிடந்தது. கோடையில் தண்ணீர் வற்றினால் வலை போட்டு அள்ளுவார்கள், ஊருக்கே மீன் கிடைக்கும். ஐப்பசியில் தூண்டில்தான். தூண்டில் என்றால் தவளை. தவளை என்றால் சட்டம்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "உசிரில்லாத தவள ஒண்ணு பண்ணிடுவோம்" என்றார்.

மாமியார் சிரித்துவிட்டார். "பண்ணு பண்ணு. அதுக்கு வாயக் குத்துனா என்ன, காது குத்தி மொட்டையே அடிச்சா என்ன?"

முதலில் சைக்கிள் டியூப். மலேயா ஜப்பான்காரன் கையில் போன பிறகு புது ரப்பர் கண்ணில் படாத காலம் அது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நைந்துபோன பழைய டியூப் ஒன்றை அரியலூரில் யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்தார். தவளை வடிவில் வெட்டினால் தட்டையாகச் செருப்புத் துண்டு மாதிரி இருந்தது. உருக்கி ஊற்றலாம் என்று சட்டியில் போட்டுக் காய்ச்சினார். கறுப்புப் புகை கூரையைச் சுற்றியது. உருகியது என்னவோ உருகிவிட்டது. மறுபடி இறுகவே இல்லை. வண்டி மசகு மாதிரி மூன்று நாள் அப்படியே கிடந்தது. அந்த நாற்றத்தில் நான் குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது.

அடுத்தது ஆலம்பால். மரத்தைக் கீறி ஒரு கொட்டாங்கச்சி நிறையப் பால் பிடித்து வந்து நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சினோம். குருவி பிடிக்கிறவர்கள் கண்ணிக்குச்சியில் தடவுகிற பசைதான் அது. இறுகியது, மெத்தென்றும் இருந்தது. ஆனால் தொட்டால் விடாது. விரலில் ஒட்டி, நூலில் ஒட்டி, தண்ணீரில் போட்டால் பாசியை எல்லாம் இழுத்துச் சுற்றிக்கொண்டு வந்தது. விரால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று என்று சொன்னார். மீன் திரும்பியது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது வழியைச் சொன்னவர் அரியலூரில் அச்சாபீஸ் வைத்திருந்த ஒருவர். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிக்குத் தூண்டிலோடு வருவார். அவர் கால்சட்டையில் மை இல்லாத இடத்தை நான் பார்த்ததில்லை. எழுத்துக்கு மை தடவுகிற உருளையை அவரே வார்ப்பாராம். மெத்தென்று உதடு மாதிரி இருக்க வேண்டுமாம் அது.

"வச்சிரத்த ராத்திரியே தண்ணியில ஊறப் போட்டுடணும். நேரா நெருப்புல வைக்கப்படாது தங்கச்சி, கருகிடும். பெரிய பானையில வெந்நி, அதுக்குள்ள சின்னப் பானை. கரைஞ்சதும் வெல்லப்பாகு. முன்னெல்லாம் கிளிசரின் போடுவோம். இப்ப அதெல்லாம் குண்டு செய்யப் போயிடுது."

"பாகு எவ்வளவு அண்ணே?"

"வெயில் காலத்துல சரிக்குச் சரி. மழ காலத்துல பாதி போதும். இல்லன்னா வேர்த்துக் கொட்டும்."

வச்சிரம் என்றால் ஆசாரிமார் பலகை ஒட்ட வைத்திருப்பது. தேன் நிறத்தில் சில்லு சில்லாக இருக்கும். ஏதோ மரத்துப் பிசின் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், மாமியாரும் நினைத்திருந்தார்.

அச்சு செய்தது நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஏரிக் களிமண்ணைப் பிசைந்து இரண்டு பாதியாக அச்சுப் பிடித்தேன். தவளையை அமுக்கி அச்செடுத்தால் சுலபம், ஆனால் சட்டம் இருக்கிறதே. வரப்பில் உட்கார்ந்து தவளைகளைப் பார்த்துப் பார்த்து, பின்கால் மடக்கி இருக்கிற விதத்தை நகத்தால் குடைந்தேன். முதுகில் இருக்கிற கோடுகூட விழுந்தது. உள்ளே விளக்கெண்ணெய் தடவி, கொக்கியை வைத்து, அச்சைக் கட்டினோம்.

பானைதான் தகராறு. மண் சட்டியில் வைத்தால் கசிந்தது. பெரிய பானைக்குள் இறங்குகிற அளவில் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. குலதெய்வத்துக்கு ஆடியில் பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை. மாமியாரிடம் கேட்டேன். மருமகள் வயிற்றுக்குத்தானே, பிசின்தானே என்று அவரே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவரே கொடுத்தார் என்பதை நான் பிறகு யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஊற்றி ஆறவைத்து அச்சைப் பிரித்தோம். பாகு நிறத்தில் ஒரு தவளை. தொட்டால் அசைந்தது. உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சியாக, இப்போது தாவிவிடும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் அதை எட்டி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். "ஏ புள்ள, இது கத்தாம இருக்குதே" என்றார். அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

ஏரிக்குக் கொண்டு போனவர் ஒரு நாழிகையில் திரும்பி வந்தார். தண்ணீரில் ஊறி ஊறிப் பெருத்து, கூழாகி, கொக்கியிலிருந்து வழிந்துவிட்டது. வெல்லத்துக்குக் கெண்டைக் குஞ்சுகள் வந்து மொய்த்துத் தின்றனவாம்.

"விரால் புடிக்கப் போயி கெண்டைக்குப் பாயசம் ஊத்திட்டு வந்துருக்கான்" என்றார் மாமியார்.

நான் அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெத்தென்று இருக்கிறது, ஒட்டவில்லை, அசைகிறது. தண்ணீரைத் தாங்கவில்லை, அது ஒன்றுதான் குறை. பாடாலூரில் என் அம்மா வீட்டுப் பக்கம் கரம்பு நிலம் முழுக்க ஆவாரஞ்செடி. அதன் பட்டையை உரித்து வண்டி வண்டியாகத் தோல் ஊறவைக்கிற இடத்துக்கு ஏற்றிப் போவார்கள். அந்தச் சாற்றில் ஊறிய தோல் அப்புறம் எத்தனை மழையில் நனைந்தாலும் கரையாது, அழுகாது. தோலுக்கு ஆகிறது இதற்கு ஏன் ஆகாது என்று எனக்குப் பட்டது. யாரையும் கேட்கவில்லை. கொல்லையில் இருந்த ஆவாரம்பட்டையை உரித்து இடித்துக் காய்ச்சி, ஆறவைத்து, புதிதாக வார்த்த தவளையை அதில் போட்டு மூடி வைத்தேன்.

மூன்றாம் நாள் எடுத்தேன். நிறம் காவியாகியிருந்தது. மேலே தோல் கட்டியிருந்தது, அமுக்கினால் உள்ளே மெத்தென்று இருந்தது. குடத்துத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்கப் போட்டு வைத்தும் கரையவில்லை.

மறுநாள் ஞாயிறு. அச்சாபீஸ்காரர் வந்திருந்தார். அவர் அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார்.

"என்ன பண்ணுனீங்க தங்கச்சி?"

"ஆவாரம்பட்டச் சாத்துல போட்டேன் அண்ணே."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட! மாட்டுத்தோலக் காய்ச்சித்தான் வச்சிரம் எடுக்கறான். நீங்க அதத் திரும்பவும் தோலாவே ஆக்கிப்புட்டீங்களே!"

நல்ல மனிதர். பாராட்டாகத்தான் சொன்னார். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் மாமியாரின் கை நின்றது.

"என்னா தோலு?"

அச்சாபீஸ்காரருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். சொன்னா நீ தொடமாட்ட. அம்மா பானை குடுக்க மாட்டாங்க" என்றார் மெதுவாக.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எழுந்து போய் அந்த வெண்கலப் பானையை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், வைக்கோலால் தேய்த்தார். வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "இனி இது அம்மனுக்கு ஆவாது."

இந்தத் தடவை கல்லிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார். "தவளைக்குப் பயந்து கோமாதாவக் காய்ச்சியிருக்கீங்க, அதுவும் அவ பானையில. வயித்துல இருக்கறது தங்கும்னு இனிமே நான் நெனைக்கல. எங்கண்ணனுக்கு ஆள் அனுப்பறேன். பொண்ண வேற எடத்துக்குப் பேச வேணாம்னு மட்டும் சொல்லி வைக்கறேன்."

என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். நான் அவர் வாயையே பார்த்தேன். அச்சாபீஸ்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை செந்துறைக்கு ஆள் போனது. பகலில் என் வீட்டுக்காரர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார், அந்தத் தவளையோடுதான். நானும் பின்னாலேயே போனேன். ஐந்து மாதக்காரி ஏரிக்கரை ஏறக் கூடாது என்று சொல்லக்கூட மாமியார் வெளியே வரவில்லை. மதகுப் பக்கம் அல்லி படர்ந்த இடத்தில் அவர் நின்றார். நான் கரைமேல் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. இது தங்கலைன்னா அந்தப் பொண்ணக் கட்டிக்குவீங்களா?"

அவர் தூண்டிலை வீசினார். தவளை அல்லி இலைமேல் விழுந்து, வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. நூலைச் சுண்டிச் சுண்டி இழுத்தார். நான் செய்த கால்கள் நிஜத் தவளையின் கால் மாதிரியே உதைத்துக்கொண்டு வந்தன.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? தங்கும்."

"தங்கலைன்னா?"

"சும்மா இரு புள்ள. மீன் கலைஞ்சிடும்."

"கலையட்டும்."

அவர் ஏதோ சொல்லத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து விரால் இரையைக் கவ்வியது. தண்ணீர் பிளந்ததுபோல ஒரு சத்தம். மூங்கில் வளைந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தார். முழங்கை நீளத்துக்கு மேலே இருக்கும். என் காலடியில் கொண்டு வந்து போட்டார். முகமெல்லாம் சந்தோஷம். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

"ஒங்களத்தான் கேட்டேன்."

அவர் முகம் வாடிப்போயிற்று. வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அம்மா சொல்லிட்டா நான் எப்புடித் தட்டறது? எனக்கு மட்டும் ஆசையா?"

அவர் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வயல் வேலையை விட்டுவிட்டு ஒரு மாதமாக எனக்காகத்தான் ரப்பரையும் பாலையும் பிசினையும் காய்ச்சிக்கொண்டிருந்தார். விரால் வேண்டும் என்றால் ஊரையே புரட்டி எடுத்துக் கொண்டு வந்து கொடுப்பார். ஒரு வார்த்தை வேண்டும் என்றால் அவரிடம் இல்லை.

மீனை வீட்டு அடுப்பில் ஏற்ற மாமியார் விடவில்லை. கொல்லையில் மூன்று கல் வைத்து நானே ஆக்கினேன். புளி கரைத்து, மிளகாய் அரைத்து, நிதானமாகத்தான் ஆக்கினேன். பிறகு உட்கார்ந்து முழு மீனையும் நான் ஒருத்தியே தின்றேன். தலை, வால், குழம்பு, எல்லாம். அவருக்கு ஒரு துண்டு வைக்கவில்லை. வயிற்றில் இருந்ததற்கு வேண்டியதை வயிற்றில் இருந்ததற்குக் கொடுத்தேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு சேலையை மூட்டை கட்டினேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் மாமியார்.

"பாடாலூருக்கு, அத்தை. புள்ளையப் பெத்துக்கிட்டு வரேன்."

முதல் பிள்ளைக்குத்தான் தாய்வீடு. மூன்றாவதற்கு வளைகாப்பும் இல்லாமல் அழைக்க ஆளும் இல்லாமல் ஒருத்தி தானாகக் கிளம்பிப் போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பேசட்டும் என்று போனேன். என் வீட்டுக்காரர் அரியலூர் வரை வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் மாட்டோடுதான் பேசினார். அப்போது பஸ் கரியில் ஓடும், மேடு வந்தால் நின்று நின்று போகும். பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றேன். அங்கே ஒரு மரத்தடியில்தான் வயிற்றில் பிள்ளை நன்றாகப் புரண்டது தெரிந்தது.

மாசியில் பிறந்தது. பெண். அழுதது. முதலில் மேலுதட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் பார்த்தேன்.

பதினோராம் நாள் அவர் வந்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"அம்மா ஒண்ணும் சொல்லல. கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எதப் பத்தி?"

"செந்துறையப் பத்தி."

அவர் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டேன். பிள்ளை இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பங்குனியில் வந்தார், அதே பேச்சு. சித்திரையில் வந்தார், அதே பேச்சு. என் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். "புருசன் வந்து வந்து நிக்கறான், ஒனக்கு என்னடி அவ்ளோ வீம்பு?"

வைகாசியில் வெயிலோடு வெயிலாக வந்தவர் முகம் தெளிந்திருந்தது. வாசலிலேயே சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு மாமன் வேற எடத்துல கல்யாணம் முடிச்சிட்டாரு. இனிமே அந்தப் பேச்சே இல்ல. கெளம்பு."

பாரம் இறங்கினது எனக்கில்லை, அவருக்கு. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேலையை யாரோ அவருக்காகச் செய்து முடித்துவிட்டார்கள். நான் கிளம்பினேன். பிள்ளைக்கு அப்பன் வேண்டும். எனக்கும் போக வேறு இடம் இல்லை. போய், இன்னும் மூன்று பெற்று, மாமியாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்து, நல்லபடியாகத்தான் குடித்தனம் நடத்தினேன்.

வெகுகாலம் கழித்து, அவருக்கு உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது, கஞ்சி புகட்டிக்கொண்டே ஒரு நாள் கேட்டேன். "அன்னைக்கி அது தங்காம போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். எதைக் கேட்கிறேன் என்று உடனே தெரிந்துவிட்டது. அத்தனை வருஷமும் அவருக்கும் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதான் தங்கிடுச்சே" என்றார்.

நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். மிச்சக் கஞ்சியையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.